வெளிநாட்டுப் பள்ளி வேலையும் ஒரு போலீஸ் சான்றிதழும்

ஒரே ஒரு ஃபிசிக்ஸ் டீச்சர் இடம். மஸ்கட்டிலோ துபாயிலோ ஒரு பள்ளி கடைசிச் சுற்றில் இரண்டு பேரை வைத்திருக்கிறது. டெமோ கிளாஸ் இருவருக்கும் நன்றாகவே போனது. சம்பளமும் ஒத்துவந்துவிட்டது. ஹெச்.ஆரிடமிருந்து இருவருக்கும் ஒரே மெயில் வருகிறது: போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட் வேண்டும், அது முறையாக அட்டெஸ்ட் ஆகியிருக்க வேண்டும். ஒருவர் ஒரு மாதத்துக்குள் ஸ்கேன் காப்பியை அனுப்பிவிடுகிறார். இன்னொருவர் அன்றைக்குத்தான் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுக்கிறார். அதில் இருப்பது கல்யாணத்துக்கு முந்தைய முகவரி. டிகிரியில் பெயர் வேறு மாதிரி. வேலை முதலாமவருக்குப் போய்விடும். யார் நன்றாகப் பாடம் நடத்துவார் என்ற கேள்வி அந்தக் கட்டத்தில் எழுவதே இல்லை.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், மதுரை நகரம் என்று நம் பக்கத்திலிருந்து அப்ளை செய்பவர்கள் கையில் பெரும்பாலும் ஒரே மாதிரி டிகிரி, ஒரே மாதிரி பி.எட்., நாலைந்து வருட அனுபவம். அந்தக் கூட்டத்தில் உங்களைத் தனித்துக் காட்டுவதில் சுத்தமான ஃபைலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் இந்தச் சான்றிதழை, பி.சி.சி.யை, முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாது. எந்த நாட்டுக்காக என்று அதிலேயே குறிப்பிடப்படும். பல நாடுகள் ஆறு மாதத்துக்கு மேல் பழையதானால் ஏற்பதில்லை. அதனால் சான்றிதழுக்கு அவசரப்படாதீர்கள். அதை மறிக்கக்கூடியவற்றை மட்டும் இன்றைக்கே சரிசெய்யுங்கள். கீழே சொல்பவற்றில் முதல் நான்கு, ஆஃபர் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ளவும் செய்யவும் வேண்டியவை.

அதற்கு முன், பள்ளிகள் ஏன் இதில் இவ்வளவு கறாராக இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். வில்லியம் வேஹி என்ற அமெரிக்க ஆசிரியர் 1969-ல் கலிஃபோர்னியாவில் சிறுவர்களிடம் பாலியல் குற்றம் செய்து தண்டனை பெற்றவர். அதற்குப் பிறகும் அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சவூதி, இந்தோனேசியா, வெனிசுவேலா, லண்டன் என்று இன்டர்நேஷனல் பள்ளிகளில் வேலை பார்த்தார். உண்மை வெளியே வந்தது 2014-ல்தான். யாரோ ஒருவர் ஒருமுறை பழைய ரெக்கார்டை ஒழுங்காகப் பார்த்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் தப்பியிருப்பார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு இன்டர்நேஷனல் பள்ளி அமைப்புகள் கூடி ஆள் எடுக்கும் விதிகளை இறுக்கின. ஆகவே ஹெச்.ஆர். இதைக் கேட்கும்போது உங்களைச் சந்தேகப்படுவதாக நினைத்து முகம் சுளிக்காதீர்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகளை உங்களிடம் ஒப்படைக்கப் போகிறவர்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. சட்டென்று, தெளிவாகப் பதில் தருபவர்மேல் அவர்களுக்கு முதல் நாளே நம்பிக்கை வருகிறது.

1. சரியான சான்றிதழைக் கேளுங்கள். தமிழ்நாடு காவல்துறையும் ஆன்லைனில் சரிபார்ப்புச் சான்று தருகிறது. அது உள்ளூர் வேலை, வாடகைக்குக் குடிவருபவர், வீட்டு வேலையாள் போன்ற தேவைகளுக்கானது. அதை எடுத்துக்கொண்டு வெளிநாட்டு வேலைக்குப் போய் நிற்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பி.சி.சி. கட்டணம் 500 ரூபாய். ஆஃபர் வந்ததும் பாஸ்போர்ட் சேவா தளத்தில் லாகின் செய்து, பணம் கட்டி, அப்பாயின்ட்மென்ட் எடுக்க வேண்டும். ஒரிஜினலைப் போலவே தோற்றம் காட்டும் போலித் தளங்கள் இருக்கின்றன என்று வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. தள முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒரு காலத்தில் இதற்கெல்லாம் திருச்சிக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. 2007-ல் மதுரைக்கே மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் வந்துவிட்டது. ரேஸ்கோர்ஸ் பக்கம் பாரதி உலா வீதியில் இருக்கிறது. 2022 செப்டம்பர் 28 முதல் தபால் நிலையங்களில் இயங்கும் பாஸ்போர்ட் சேவா மையங்களிலும் பி.சி.சி.க்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறது. மதுரையில் தேதி தள்ளிப் போனால் பக்கத்து ஊர் மையத்தில் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

2. பெயரை ஒன்றாக்குங்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் உண்டு. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'கவிதா எஸ்', காமராசர் பல்கலைக்கழக டிகிரியில் 'எஸ். கவிதா', பாஸ்போர்ட்டில் 'கவிதா' தனியாகவும் சர்நேம் இடத்தில் 'சுப்பிரமணியன்' என்றும், கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய ஆதாரில் கணவர் பெயரும் இருக்கும். நமக்கு இவை எல்லாம் ஒரே ஆள். வெளிநாட்டில் டேட்டா என்ட்ரி செய்பவருக்கு நாலு பேர். பி.சி.சி. பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் வரும். டிகிரி டிகிரியில் உள்ளபடி நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரி ஃபைலை ஓரம்கட்டிவிடுவார்.

இன்று மாலையே ஒரு வேலை செய்யுங்கள். எல்லாச் சான்றிதழ்களையும் மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் ஆங்கிலத்தில் எப்படி அச்சாகியிருக்கிறது என்று எழுத்து எழுத்தாக ஒரு தாளில் எழுதுங்கள். அப்பா பெயரையும் பிறந்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள். இனிஷியல் விரிவு மட்டும்தான் வித்தியாசம் என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட அஃபிடவிட் பல இடங்களில் போதும். எழுத்தே மாறியிருந்தால், ஒரு எழுத்து கூடியோ குறைந்தோ இருந்தால், எந்தப் பக்கம் திருத்துவது எளிது என்று முடிவெடுங்கள். பெரும்பாலும் பாஸ்போர்ட்டைத் திருத்தி டிகிரிக்குப் பொருத்துவதுதான் சீக்கிரம் முடியும். பெயரையே மாற்றியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வந்த அறிவிப்பின் பிரதி வேண்டும். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக, ஒற்றைப் பெயரோடு இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2022 நவம்பர் 21 முதல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களுக்கு அமீரகம் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. விசிட்டில் போய் அங்கே இருந்து வேலை தேடலாம் என்று திட்டமிடுகிறவர்கள் இதை முதலில் முடியுங்கள்.

3. முகவரியும் ஸ்டேஷனும். பாஸ்போர்ட்டில் உசிலம்பட்டி அப்பா வீடு, குடியிருப்பது வில்லாபுரம் வாடகை வீடு என்றால் தாமதம் நிச்சயம். விசாரணைக்கு வருபவர் நீங்கள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுவார். இப்போது இருக்கும் முகவரிக்கு ஆதார், பேங்க் பாஸ்புக் இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஆஃபர் வர இன்னும் சில மாதம் ஆகும் என்று தோன்றினால் பாஸ்போர்ட்டையே ரீ-இஷ்யூ செய்துவிடுவது நல்லது. விண்ணப்பத்தில் போலீஸ் ஸ்டேஷனைத் தேர்ந்தெடுக்கும்போது அவசரப்படாதீர்கள். மதுரை மாநகரக் காவல் வேறு, மாவட்டக் காவல் வேறு. தல்லாகுளம், எஸ்.எஸ். காலனி எல்லாம் கமிஷனர் எல்லை. ஒத்தக்கடை, நாகமலை புதுக்கோட்டை எல்லாம் எஸ்.பி. எல்லை. புறநகரில் வீடு இருப்பவர்கள் 'மதுரைதானே' என்று ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டால் காகிதம் ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்குப் போய்த் திரும்பும். தெரியாவிட்டால் தெருவில் கேளுங்கள், இல்லையென்றால் ஸ்டேஷனுக்கே போய் 'என் தெரு உங்கள் லிமிட்டா சார்' என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

4. உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறதா? 'எனக்கென்ன வழக்கு' என்று இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். இன்றைக்கு 28, 30 வயதில் இருக்கும் ஆசிரியர்கள் 2017 ஜனவரியில் கல்லூரி மாணவர்கள். அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் ஜல்லிக்கட்டுக்காக இரவு பகலாக உட்கார்ந்தவர்களில் பலர்மேல் வழக்குப் பதிவானது. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தத்தில் ஆசிரியர்களே கைதானார்கள். 2020 ஊரடங்கில் மாஸ்க் இல்லாமல் பைக்கில் போனதற்குக்கூட எஃப்.ஐ.ஆர். போடப்பட்டது. சிலருக்குத் தங்கள் பெயர் அதில் இருப்பதே தெரியாது.

2021 பிப்ரவரியில் அப்போதைய தமிழக அரசு இந்த மூன்று வகை வழக்குகளையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஜல்லிக்கட்டு, ஊரடங்கு வழக்குகளில் வன்முறை, போலீஸாரைத் தாக்கியது போன்றவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. அறிவிப்பைப் பேப்பரில் படித்துவிட்டுப் பலர் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். அரசு அறிவிப்பது ஒன்று, உங்கள் வழக்கு எண் கோர்ட்டில் முடித்துவைக்கப்பட்டதா என்பது இன்னொன்று. ஸ்டேஷன் பதிவேட்டில் அந்த வரி இருக்கும்வரை, விசாரணை அறிக்கை எழுதுபவர் அதைக் குறிப்பிடத்தான் செய்வார்.

ஆகவே நீங்களே முதலில் தேடுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் மதுரை மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பெயர் கொடுத்துப் பாருங்கள். பெயரின் வெவ்வேறு ஸ்பெல்லிங்கிலும் பாருங்கள். தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் எஃப்.ஐ.ஆர். தேடும் வசதியும் இருக்கிறது. ஏதாவது தென்பட்டால் ஒரு வக்கீலைப் பிடித்து, வழக்கு முடிந்ததற்கான கோர்ட் உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். அது கைக்கு வர நாளாகும். அதனால்தான் இதை ஆஃபருக்கு முன்னால் செய்யச் சொல்கிறேன்.

வழக்கு உண்மையிலேயே நிலுவையில் இருந்தால் என்ன? 1967 பாஸ்போர்ட் சட்டத்தின் பிரிவு 6(2)(எஃப்), கிரிமினல் கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருப்பவருக்குப் பாஸ்போர்ட்டை மறுக்க இடம் தருகிறது. 1993 ஆகஸ்ட் 25 அறிவிக்கை, அந்தக் கோர்ட்டே அனுமதி தந்தால் வழி விடுகிறது. வெறும் எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்து குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் அதைக் கோர்ட்டில் நிலுவையில் உள்ள வழக்காகக் கருத முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பாஸ்போர்ட் வழக்குகளில் தீர்ப்பளித்திருக்கிறது. பி.சி.சி.யில் நிலைமை இன்னும் நுணுக்கமானது. பாதகமான அறிக்கை போனால் பாஸ்போர்ட் அலுவலகம் உங்களிடம் விளக்கம் கேட்கும். அப்போது பதில் சொல்ல வேண்டியது காகிதம்தான். விண்ணப்பத்தில் 'வழக்கு இல்லை' என்று பொய் எழுதுவது மட்டும் கூடவே கூடாது. சின்ன வழக்கை விளக்கிவிடலாம். மறைத்தது தெரிந்தால் உங்கள் நாணயமே கேள்விக்குள்ளாகும். ஆசிரியர் வேலையில் அதன் பிறகு எந்தப் பள்ளியும் உங்களைத் தொடாது.

5. ஆஃபர் லெட்டர் வந்த அன்றே. இனி ஓட வேண்டும். அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். பாஸ்போர்ட் ஒரிஜினல், அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் நகல், இப்போதைய முகவரிச் சான்று, ஆஃபர் லெட்டர் அல்லது கான்ட்ராக்ட் — எல்லா நகலிலும் கையெழுத்துப் போட்டு இரண்டு செட். பழைய பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்று சொல்லும் இ.சி.ஆர். முத்திரை இருந்தால் அதையும் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு அது தேவையில்லை, நீக்கிக்கொள்ளலாம். போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டால் போனை எடுங்கள். தெரியாத நம்பர் என்று கட் செய்து அறிக்கை தாமதமாகும் கதை நிறைய நடக்கிறது. வீட்டில் ஆதார், போட்டோ, நகல்கள் ஒரு கவரில் தயாராக இருக்கட்டும். அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் முன்பே சொல்லி வையுங்கள். இந்த விசாரணைக்கு யாருக்கும் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. கேட்டால் பணிவாக மறுத்துவிடுங்கள். வற்புறுத்தினால் புகார் கொடுக்க லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது.

6. அப்போஸ்டிலா, எம்பஸியா? பி.சி.சி. கைக்கு வந்ததும் பாதி வேலைதான் முடிந்தது. அது உண்மையான சான்றிதழ்தான் என்று இந்திய அரசு இன்னொரு நாட்டுக்கு உறுதி சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு பாதை. 1961 ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஸ்டிக்கர் ஒன்றே போதும். இந்தியாவுக்கு இந்த ஒப்பந்தம் 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓமன், பஹ்ரைன், சிங்கப்பூர் இதில் அடக்கம். சவூதி 2022 டிசம்பர் 7-ல் வந்தது. கனடா 2024 ஜனவரி 11-ல் வந்தது. ஒப்பந்தத்தில் இல்லாத அமீரகம், கத்தார், குவைத் என்றால் முதலில் அமைச்சகத்தின் அட்டெஸ்டேஷன், பிறகு அந்த நாட்டுத் தூதரக முத்திரை, அங்கே போனதும் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. பழைய ஆட்கள் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஐந்து வருடத்துக்கு முன் சவூதி போனவர் தூதரகத்துக்கு அலைந்த கதையைச் சொல்வார், இன்று அது வேண்டாம். பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. ஜெர்மனி உறுப்பு நாடுதான். ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு ஆட்சேபம் தெரிவித்திருப்பதால் இந்திய அப்போஸ்டில் அங்கே செல்லாது. சீனா 2023-ல் சேர்ந்தது. அங்கே போகிறவர்களும் தூதரகத்தில் எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் பணம் செலவழிக்க வேண்டும்.

வெளியுறவு அமைச்சகத்தின் கவுன்டரில் நீங்களே போய்க் கொடுக்க முடியாது. 2012 முதல் அமைச்சகம் அனுமதித்த ஏஜென்சிகள் வழியாகத்தான் வாங்குகிறார்கள். நமக்குப் பக்கத்தில் சென்னை. அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய். அதன்மேல் ஏஜென்சியின் சிறிய சேவைக் கட்டணம். டிகிரிக்கு முதலில் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். பி.சி.சி.க்கு அது வேண்டாம், ஏனென்றால் அதைத் தருவதே வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் உள்ள பாஸ்போர்ட் அலுவலகம். இதைத் தெரிந்து வைத்திருந்தால், 'ஸ்டேட் அட்டெஸ்டேஷன் சார்ஜ்' என்று பி.சி.சி.க்கும் சேர்த்து யாராவது பில் போடும்போது நிறுத்திக் கேட்கலாம்.

நம் ஊரில் சான்றிதழ் என்றாலே லேமினேஷன் கடைக்கு ஓடுவது வழக்கம். பி.சி.சி.யையும் டிகிரியையும் எக்காரணம் கொண்டும் லேமினேட் செய்யாதீர்கள். முத்திரையும் ஸ்டிக்கரும் தாளின்மேல் விழ வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டி வந்ததும் அதில் இருக்கும் எண்ணை அமைச்சகத்தின் தளத்தில் போட்டுச் சரிபாருங்கள். போலி ஸ்டிக்கர் ஒட்டித் தரும் ஆட்களும் இருக்கிறார்கள். அங்கே விமானம் இறங்கிய பிறகு தெரியவந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்.

7. ஏஜென்ட் விஷயம். மேலவெளி வீதி, டவுன்ஹால் ரோடு பக்கம் 'எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்' என்ற போர்டுகளுக்குக் குறைவில்லை. நேரமில்லாதவர்கள் ஆவணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிவர ஆள் வைப்பதில் தவறில்லை. எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி ரசீது வாங்குங்கள். வேலையே வாங்கித் தருகிறேன் என்பவர் விஷயம் வேறு. அவர் 1983 குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. இரண்டு லட்சம் கேட்பவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. அதன் தளத்திலும் பதிவு செய்து வையுங்கள்.

8. ஹெச்.ஆருக்கு எழுதுவது. மெயில் வந்த அன்றே மூன்று வரிப் பதில் போடுங்கள்: அப்ளை செய்துவிட்டேன், அப்பாயின்ட்மென்ட் இந்தத் தேதி, அட்டெஸ்டேஷனுக்கு இவ்வளவு நாள் ஆகும் என்று எதிர்பார்க்கிறேன். போலீஸ் அறிக்கை சிலருக்கு ஒரு வாரத்தில் முடியும், சிலருக்கு மூன்று வாரம் இழுக்கும். நீளமான கணக்கைச் சொல்லி அதற்கு முன்பே முடித்துக் கொடுங்கள். கலர் ஸ்கேன், இரண்டு பக்கமும், ஒரே பி.டி.எஃப்., ஃபைல் பெயரில் உங்கள் முழுப் பெயர். செல்போனில் சாய்வாக எடுத்த போட்டோவை வாட்ஸ்அப்பில் தள்ளாதீர்கள். டிகிரி அஞ்சல்வழியில் படித்தது என்றால் அதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அமீரகத்தில் அது பல ஆசிரியர்களின் வேலைக்கே வினையாகியிருக்கிறது. முன்பே சொன்னவரோடு பள்ளி உட்கார்ந்து வழி தேடும்.

9. ஏற்கெனவே வெளிநாட்டில் இருந்தவர்கள். இந்திய பி.சி.சி. மட்டும் உங்களுக்குப் போதாது. பிரிட்டனில் பள்ளி வேலைக்கான ஸ்கில்டு வொர்க்கர் விசா கேட்டால், கடந்த பத்து ஆண்டுகளில், 18 வயதுக்குப் பிறகு, மொத்தமாகப் பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ தங்கிய ஒவ்வொரு நாட்டின் சான்றிதழையும் காட்ட வேண்டும். மாலத்தீவில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு மதுரை திரும்பி உட்கார்ந்துகொண்டு, அந்த நாட்டு போலீஸ் சான்றிதழை மெயிலிலும் கூரியரிலும் வரவழைப்பது பெரும் சிரமம். அங்கே இருக்கும்போது எளிது. ஆகவே எந்த நாட்டிலிருந்து கிளம்பினாலும், விசாவும் அடையாள அட்டையும் செல்லுபடியாக இருக்கும் கடைசி மாதத்திலேயே அந்த நாட்டு போலீஸ் சான்றிதழை வாங்கி, அங்கேயே அட்டெஸ்ட் செய்து, பள்ளியின் அனுபவச் சான்றிதழோடு சேர்த்து எடுத்து வாருங்கள். அடுத்த பள்ளி கேட்கும் தேதிக்கு அது பழையதாகிப் போயிருந்தாலும், அதில் இருக்கும் ரெஃபரன்ஸ் எண்ணை வைத்துப் புதியது கேட்பது புதிதாக ஆரம்பிப்பதைவிட எளிது.